ஹார்ட் டிஸ்க் பார்சலுக்கு யார் பொறுப்பு?

1987ஆம் ஆண்டின் இறுதி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லாங்மான்ட் என்ற ஊரில் இயங்கிவந்த மினிஸ்க்ரைப் நிறுவனம் கணினிகளுக்கான ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. ஆனால், கணக்குப் புத்தகத்தில் இருந்த சரக்கு கிடங்கில் இல்லை. பற்றாக்குறை சுமார் 1.5 கோடி டாலர். தணிக்கையாளர்களின் கண்ணில் மண்ணைத் தூவ நிர்வாகம் ஒரு வழியைக் கண்டுபிடித்தது. செங்கற்களை வாங்கி, ஹார்ட் டிஸ்க் பெட்டிகளில் வைத்துக் கட்டி, லேபிள் ஒட்டி, சரக்கு என்று சொல்லி அனுப்பியது. 1989இல் குட்டு வெளிப்பட்டது. 1990 ஜனவரி 1 அன்று நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி மனு போட்டது. அதன் தலைவராக இருந்த க்யூ.டி.வைல்ஸ் மோசடிக் குற்றவாளி என்று 1994இல் தீர்ப்பானது.

அன்று ஏமாந்தவர்கள் முதலீட்டாளர்கள். இன்று ஆன்லைனில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கும் சாதாரண மனிதர் ஏமாறுகிறார். அவருக்கு வரும் பார்சலில் செங்கல் இருந்தால்கூட ஒருவகையில் நல்லது. பெட்டியைத் திறந்த கையோடு புகார் கொடுத்துவிடலாம். இப்போதைய மோசடி அப்படிப்பட்டதல்ல. பெட்டிக்குள் இருப்பது கணினியில் மாட்டினால் விளக்கு எரியும். திரையில் ‘16 டி.பி.’ என்று காட்டும், கோப்புகளையும் ஏற்றுக்கொள்ளும். அது பொய் என்று தெரியவரும்போது பல மாதங்கள் ஓடியிருக்கும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்திருக்கும்.

ஒட்டுப் பசைக்குள் மெமரி கார்டு

இந்த மோசடி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2022இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் உதாரணமே போதும். 30 டி.பி. கொள்ளளவு கொண்ட எஸ்.எஸ்.டி. என்று சீன ஆன்லைன் சந்தை ஒன்றில் சுமார் 31 டாலருக்கு விற்ற பொருளை, கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பளபளப்பான உலோகக் கூட்டுக்குள் ஒரு சிறு சர்க்யூட் பலகை. அதன் மேல் சூடான பசையால் ஒட்டப்பட்ட இரண்டு மைக்ரோ எஸ்.டி. கார்டுகள். ஒவ்வொன்றிலும் இருந்தது வெறும் 512 எம்.பி. அதேபோன்ற பொருள் வால்மார்ட் இணையதளத்திலும் விற்பனைப் பட்டியலில் இருந்தது. செய்தி வெளியான பிறகு அது நீக்கப்பட்டது.

தந்திரம் முழுவதும் அந்தப் பலகையை இயக்கும் ‘ஃபர்ம்வேர்’ என்ற உள்மென்பொருளில் இருக்கிறது. கணினி ‘உன் கொள்ளளவு எவ்வளவு?’ என்று கேட்டால், எழுதிவைத்த பொய்யை அது ஒப்பிக்கிறது. உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். அதன் பிறகு வரும் கோப்புகள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. ஆனால், கோப்புகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் பத்திரமாக இருக்கும். பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது. திறந்தால் படம் இல்லை.

திருமண வீடியோவை இப்படிப்பட்ட ஒன்றில் ஏற்றி அலமாரியில் வைத்த குடும்பத்தின் நிலையை யோசித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பல ஸ்டுடியோக்கள் டிவிடி கொடுப்பதை விட்டுவிட்டு, ‘ஹார்ட் டிஸ்க் கொண்டுவாருங்கள், காப்பி செய்து தருகிறோம்’ என்று சொல்லத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆல்பம் கொடுத்த சில மாதங்களில் ஸ்டுடியோ தன் கணினியிலிருந்து அந்தக் கோப்புகளை அழித்துவிடும். அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமே! ஆடிட்டர் அலுவலகத்தின் கணக்குகள், பள்ளியின் மாணவர் பதிவுகள், அழியும் நிலையில் உள்ள பழைய நூல்களை ஸ்கேன் செய்து காக்கும் தன்னார்வலர்களின் உழைப்பு எல்லாம் இதே போன்ற கையளவு பெட்டிகளில்தான் உறங்குகின்றன. பெட்டியின் விலை சில ஆயிரம். உள்ளே இருப்பதற்கு விலை கிடையாது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை எந்த வாரண்டியும் நிரப்புவதில்லை. டிரைவ் பழுதானால் வேறு டிரைவ் தரப்படும். தொலைந்த தரவுக்குப் பொறுப்பில்லை என்பது முன்னணி நிறுவனங்கள் எல்லாமே வாரண்டியில் எழுதிவைத்திருக்கும் நிபந்தனை.

பழசு புதுசானது

போலிப் பெயர்களை நம்பாமல், நல்ல கம்பெனியின் பொருளை வாங்கினால் போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. 2021இல் ‘சியா’ என்ற கிரிப்டோ நாணயம் பரபரப்பாகப் பேசப்பட்டது. பிட்காயினைப் போலக் கணக்கீட்டுத் திறனை நம்பாமல், காலி ஹார்ட் டிஸ்க் இடத்தை அடிப்படையாகக் கொண்டது அது. பெரிய கொள்ளளவு டிரைவ்களை வாங்கிக் குவித்தார்கள், மோகம் வடிந்தது, டிரைவ்கள் மிஞ்சின.

2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸே தொழில்நுட்ப இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் நிறுவனத்தின் சர்வர் டிரைவ்கள் பல, 10,000 மணி நேரத்துக்கும் மேல் ஓடியவை என்று அந்த இதழ் கண்டறிந்தது. இடைவிடாமல் ஓடினாலும் 10,000 மணி நேரம் என்பது ஏறக்குறைய 14 மாதங்கள். டிரைவின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ பதிவில் ஓடிய நேரம் பூஜ்ஜியமாக மாற்றப்பட்டிருந்தது. ஆனால், ‘ஃபார்ம்’ என்ற இன்னொரு உள்பதிவு உண்மையைக் காட்டிக்கொடுத்தது. இவற்றை விற்றவர்களில் பெயர்பெற்ற கடைகளும் இருந்தன. தாங்கள் அவற்றை அந்த விற்பனையாளர்களுக்கு அனுப்பவில்லை என்றது சீகேட். சியா நாணயத்துக்காக வாங்கிக் குவிக்கப்பட்ட பழைய டிரைவ்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது.

அதே ஆண்டு மே மாதம் மலேசியாவில் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் சீகேட் குழுவும் உள்ளூர் அதிகாரிகளும் சோதனை நடத்தினார்கள். சுமார் 700 டிரைவ்கள் சிக்கின. பயன்படுத்திய டிரைவ்களின் பதிவுகளை அழித்து, சுத்தம் செய்து, புது லேபிள் ஒட்டி, ஆன்லைன் சந்தைகள் வழியாக விற்பதே அங்கே தொழில். லேபிள் ஒட்டும் வேலை லாங்மான்டில் நடந்ததுதான்; பெட்டிக்குள் செங்கல்லுக்குப் பதில் தேய்ந்த டிரைவ்.

எக்ஸ்டர்னல் டிரைவ் விஷயத்தில் இந்த அபாயம் கூடுதல். உள்ளே இருக்கும் டிரைவின் லேபிளை வாங்குபவர் பார்க்கவே முடியாது. பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்தால் வாரண்டி போய்விடும்.

விலையே முதல் சாட்சி

உலகில் இன்று ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றே நிறுவனங்கள். கூட்டின் மேல் வேறு எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இந்த மூன்றில் ஒன்றின் தயாரிப்பாகத்தான் இருக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் பெயர்கள் அதிகம் என்றாலும், அதற்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப்பைத் தயாரிக்கும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே, எங்கோ ஒரு முகம் தெரியாத கம்பெனி மட்டும் பத்தில் ஒரு பங்கு விலைக்கு 16 டி.பி. கொடுக்க வழியே இல்லை.

இந்தத் தொழிலின் விலை எப்படி நகரும் என்பதை 2011 காட்டியது. அந்த ஆண்டு தாய்லாந்தை வெள்ளம் சூழ்ந்தபோது, அங்கிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைகளும், டிஸ்க் சுழல உதவும் மோட்டார்களைத் தயாரித்த நிடெக் ஆலைகளும் மூழ்கின. உலகம் முழுவதும் ஹார்ட் டிஸ்க் விலை சில வாரங்களில் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆன்லைன் பேக்கப் சேவை நடத்தும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம், மொத்த விற்பனையில் டிரைவ் கிடைக்காமல் ஒரு வேலை செய்தது. சில்லறைக் கடைகளில் விலை குறைவாக இருந்த எக்ஸ்டர்னல் டிரைவ்களை ஊழியர்கள், நண்பர்கள், உறவினர்கள் மூலம் வாங்கிக் குவித்து, கூட்டைப் பிரித்து, உள்ளிருந்த டிரைவ்களைத் தன் சர்வர்களில் பொருத்தியது. தரவு மையங்கள் நடத்தும் நிறுவனமே அந்த அளவுக்கு அலைந்து பெற வேண்டிய பொருள் இது. யாரோ பெயர் தெரியாத விற்பனையாளர் 90% தள்ளுபடியில் தருகிறார் என்றால், பெட்டியில் இருப்பது அந்தப் பொருளே அல்ல.

சட்டம் அளப்பது எதை?

இந்தியாவில் முறைப்படி விற்கப்படும் ஹார்ட் டிஸ்க் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தால் ஒன்று புலப்படும். இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் இருக்கும். 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளும் கட்டாயமாக்கியவை இவை. அதில் ‘நிகர அளவு’ என்று ஒரு வரி. அதற்கு எதிரே ‘1 என்’ என்று இருக்கும். ஒரு எண்ணிக்கை என்று பொருள். பெட்டிக்குள் ஒரு பொருள் இருந்தால் அந்த வரி நிறைவேறிவிடும். அதற்குள் 2 டி.பி. இருக்கிறதா, 64 ஜி.பி. இருக்கிறதா என்பது அந்த வரியின் கவலை அல்ல.

ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தில் 15 கிராமுக்கு மேல் குறைந்தால் விதிப்படி குற்றம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடையில் புகுந்து எடைபோட்டு வழக்குப் போடலாம். கொள்ளளவுக்காகவே வாங்கப்படும் ஒரு பொருளுக்கு, டி.பி. கணக்கில் விலை ஏறும் ஒரு பொருளுக்கு, அந்தக் காவல் இல்லை.

இன்னொரு முத்திரையும் இருக்கிறது. யுஎஸ்பி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளும், 256 ஜி.பி.க்கு மேற்பட்ட யுஎஸ்பி எஸ்.எஸ்.டி.களும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் வருகின்றன. பதிவு எண் இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. ஆனால், அந்தப் பதிவு சோதிப்பது மின் பாதுகாப்பை; ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்பதை. கொள்ளளவு அந்தச் சோதனையில் இல்லை. இருந்தாலும் அந்த எண் வாங்குபவருக்கு உதவும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைத் தட்டிப் பார்த்தால் பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயர் வரும். எண்ணே இல்லையென்றால், அந்தப் பொருள் சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்படுகிறது என்று அர்த்தம்.

உண்மையான நிறுவனங்களும் இந்த விஷயத்தில் முழுச் சுத்தம் அல்ல. 1 டி.பி. டிரைவை விண்டோஸ் கணினியில் மாட்டினால் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1,024இன் மடங்கில் கணக்கிடுகிறது. இது மோசடி இல்லை. ஆனால், விளக்கிச் சொல்லாமல் விற்றதால் அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006இலும், சீகேட் 2007இலும் சமரசத்துக்கு வந்தன. 2020இல் இன்னொரு சர்ச்சை. தடங்களை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பதியும் ‘எஸ்.எம்.ஆர்.’ முறையை, வீட்டு சர்வர்களுக்கான சில டிரைவ்களில் வாங்குபவர்களுக்குச் சொல்லாமலே வெஸ்டர்ன் டிஜிட்டல் பயன்படுத்தியது வெளிவந்தது. அந்த முறையில் தொடர்ந்து எழுதும்போது வேகம் விழும். எதிர்ப்புக்குப் பிறகே எந்த மாடலில் எந்த முறை என்ற பட்டியலை அது வெளியிட்டது. உள்ளே இருப்பதை வெளியே எழுது என்று யாராவது கட்டாயப்படுத்தும்வரை இந்தத் தொழிலில் யாரும் எழுதுவதில்லை.

தளங்கள் தப்பிக்கும் வழி

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று நாட்களில் மின்வணிக விதிகளும் வந்தன. பொருள் குறைபாடுடையதாக, போலியாக, அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாக இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. பணம் தரவும் மறுக்கக் கூடாது என்கின்றன அந்த விதிகள். புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்றும் காலக்கெடு உண்டு. ஆகவே, ‘7 நாட்களுக்குள் மாற்றித் தருவோம், பணம் கிடையாது’ என்று ஒரு தளம் தன் பக்கத்தில் எழுதிவைத்திருப்பது கடைசி வார்த்தை அல்ல. 64 ஜி.பி.யை 16 டி.பி. என்று விற்றால் எட்டாவது நாளும் அது போலிதான்.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் கடமை விற்பனையாளருக்கு. தளம் தன்னை இடைத்தரகர் என்று சொல்லிக்கொள்கிறது. திரும்பத் திரும்பப் பிடிபடும் விற்பனையாளர்களின் பதிவேட்டைத் தளம் வைத்திருக்க முயல வேண்டும் என்று சொல்லும் அதே விதி, அவர்களை வெளியேற்றியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு பெயரில் மாட்டிக்கொண்டவர் மறுநாள் வேறு பெயரில் கடை விரிக்கிறார். விற்பனையாளர் கைவிட்டால் தளமே ஈடுகட்ட வேண்டும் என்ற யோசனை 2021 ஜூனில் வெளியான திருத்த வரைவில் இருந்தது. அது வரைவோடு நின்றுபோனது.

தளங்களைப் பொறுப்பாக்க முடியாது என்பதும் உண்மையல்ல. தர முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களையும், ஃபிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களையும் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தரும்படியும் உத்தரவிட்டது. இரு நிறுவனங்களும் நீதிமன்றத்துக்குப் போயின. ஆனாலும், விற்றவர் யார் என்று கைகாட்டிவிட்டுத் தளம் ஒதுங்க முடியாது என்ற நிலைப்பாட்டை ஓர் அரசு அமைப்பு எடுத்தது. கட்டாயப் பதிவுப் பட்டியலில் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கும்போது, குக்கருக்கு எடுத்த நடவடிக்கையை இதற்கும் எடுக்கத் தடையில்லை.

வாங்குபவர் கையில் இருப்பது

ஆன்லைனில் வாங்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். சென்னையில் இருப்பவருக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது; நாலு கடை ஏறி இறங்கிக் கேட்கலாம். சிறிய ஊரில் இருக்கும் ஸ்டுடியோக்காரருக்கு 4 டி.பி. டிரைவ் வேண்டுமென்றால் பார்சல்தான் வழி. அந்த வழியில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

வாங்கும் முன் ‘விற்பனையாளர்’ என்ற வரியைப் பார்க்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம் தன் இணையதளத்தில் அறிவித்திருக்கும் விற்பனையாளராக இருந்தால் நல்லது. பார்சல் வந்ததும் பிரிப்பதை மொபைலில் வீடியோ எடுக்கலாம். மேலட்டையின் முகவரிச் சீட்டில் தொடங்கி, டிரைவின் சீரியல் நம்பர் தெரியும்வரை ஒரே ஓட்டமாக எடுப்பது நல்லது. அந்த சீரியல் நம்பரை நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் தட்டினால், வாரண்டி இருக்கிறதா, எப்போது முடிகிறது, எந்த நாட்டுக்கானது என்று தெரியும். வாரண்டி ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தால் அது புதுப் பொருளா என்று கேட்க வேண்டும்.

அடுத்தது சோதனை. ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள், டிரைவ் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் காட்டும். புது டிரைவ் என்றால் அது பூஜ்ஜியமோ அதற்கு அருகிலோ இருக்கும். அந்த எண்ணையும் மாற்ற முடியும் என்பதை மலேசியக் கிடங்கு காட்டிவிட்டது. இருந்தாலும் சோம்பேறி மோசடிக்காரர்கள் இதிலேயே மாட்டுவார்கள். கொள்ளளவைச் சோதிக்க, விண்டோஸில் ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸிலும் மேக்கிலும் ‘எஃப்3’ இருக்கின்றன, இரண்டும் இலவசம். காலி டிரைவ் நிரம்பும்வரை தரவை எழுதி, பிறகு எழுதியதையெல்லாம் படித்துச் சரிபார்ப்பது இவற்றின் வேலை. கொள்ளளவு பொய்யாக இருந்தால், இத்தனை ஜி.பி. சரி, இத்தனை ஜி.பி. இழப்பு என்று பிரித்துச் சொல்லிவிடும். விநாடிக்கு 120 எம்.பி. வேகத்தில் ஒரு டி.பி.யை எழுத இரண்டேகால் மணி நேரம், படிக்க அதே அளவு. 4 டி.பி. டிரைவுக்கு இரண்டும் சேர்த்து ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம். அந்த முடிவின் படத்தைச் சேமித்து வைத்தால் அதுவே ஆதாரம்.

சோதனையில் தேறிய டிரைவும் ஒருநாள் பழுதாகும். 2023இல் சான்டிஸ்க்கின் எக்ஸ்ட்ரீம் வரிசை எஸ்.எஸ்.டி.களில் சில, முன்னறிவிப்பின்றித் தரவை இழந்தன. நிறுவனம் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது, வழக்குகளும் வந்தன. அசல் பொருள்தான், முன்னணி நிறுவனம்தான். எனவே, தரவு ஒரே டிரைவில் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு டிரைவ் வாங்கினால் ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும்.

ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழிசெய்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு இருக்கிறது.

ஆனால், ஒரு நாள் முழுக்கக் கணினியை ஓடவிட்டுத் தான் வாங்கிய பொருளை ஆய்வுசெய்யும் வேலை வாங்குபவருடையதாக இருக்கக் கூடாது. அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். சேமிப்புக் கருவிகளின் கொள்ளளவைப் பொட்டலப் பொருட்கள் விதிகளில் நிகர அளவாகச் சேர்த்து, சோதனைக் கொள்முதல் செய்து வழக்குத் தொடர வேண்டும். பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் எந்தத் தளமும் டிரைவை விற்பனைப் பட்டியலில் ஏற்றக் கூடாது என்று விதிக்க வேண்டும். விற்பனையாளர் ஓடிப்போனால் தளம் பணம் தர வேண்டும் என்ற 2021 வரைவுக்கு உயிர் கொடுக்க வேண்டும். அதுவரை வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிரைவ் வந்த அன்றே சோதனையை ஓட்டுங்கள், முடிவு வரும்வரை ஒரு புகைப்படத்தைக்கூட அதில் ஏற்றாதீர்கள், போலி என்று தெரிந்தால் சும்மா விட்டுவிடாமல் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவுசெய்யுங்கள்.